துரையின் வெள்ளைக் கோட்டு

மகனே,

கடிதத்தை 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நான் படித்த பள்ளியின் கன்னியாஸ்திரிகள். இன்று அந்தச் சொல் என் பேனாவில் வரவில்லை. வராததை வந்ததுபோல் காட்டவும் அவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. உனக்கு நான் எப்போதும் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் என் கோபம் நல்ல புடவை கட்டிக்கொண்டு விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துவிடும். இந்த முறை அது அப்படி வர வேண்டாம்.

உன் கல்யாணப் பத்திரிகைகள் கட்டாக வந்து சேர்ந்தன. தாள் நன்றாக இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லை. மாப்பிள்ளை வீட்டு முகவரி என்ற இடத்தில் வேளச்சேரியில் நீ இருக்கிற அடுக்குமாடியின் கதவு எண் இருக்கிறது. நீ பிறந்து தவழ்ந்து, அம்மை போட்டுக் கிடந்து, விளக்கடியில் படித்து, கடைசியில் உன் அப்பாவுக்குக் கொள்ளி வைக்கப் புறப்பட்ட இந்தத் திருவொற்றியூர் வீடு அதில் எங்கும் இல்லை. போனில் கேட்டதற்கு, வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டுமே என்றாய். சரி. அதே போனில், கல்யாணம் முடிந்த மறுவாரம் பில்டரின் ஆள் பத்திரத்தோடு வருவான், கையெழுத்துப் போட்டுவிடு, மாடியில் இருக்கிற செடிகளை யாருக்காவது கொடுத்துவிடு, வேளச்சேரி பால்கனியில் உனக்கு நான்கு தொட்டி வைத்துத் தருகிறேன் என்றும் சொன்னாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். இதுதான் அந்தப் பதில். வீடு என் பெயரில் இருக்கிறது. கையெழுத்துப் போட மாட்டேன். செடிகளையும் கொடுக்க மாட்டேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்திருக்கிறேன். உன் செல்போனை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி.

உன் அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு இன்ஜினியர். கப்பல்காரர்கள் பலர் அவருக்குப் பழக்கம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சரக்குக் கப்பலின் சமையல்காரர் கடைவாய்ப் பல் வலியில் துடித்தபோது, அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்து வண்ணாரப்பேட்டையில் ஒரு பல் டாக்டரிடம் கொண்டுபோனார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. பல்லைப் பிடுங்கியாயிற்று, வலி போய்விட்டது. கப்பல் கிளம்புகிற நாளில் அந்த மனிதர் ஒரு தீப்பெட்டியை அப்பா கையில் வைத்து அழுத்தியிருக்கிறார். உள்ளே கடுகைவிடச் சிறிய கறுப்பு விதைகள். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. தீப்பெட்டியைத் திறந்து, எறும்பு முட்டையா என்று கேட்டாய்.

என்ன விதை என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு மீன்பெட்டியில் ஆற்றுமணலும் செங்கல் பொடியும் பரப்பித் தூவினேன். காசிமேட்டில் ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டிதான் என் நாற்றங்கால், இன்றைக்கும் அதுதான். நிறைய முளைத்தன. ஒவ்வொன்றாக அழுகின. ஒன்றே ஒன்று நின்றது. பள்ளி நூலகத்தில் எனக்குத் தெரிந்த சிஸ்டர் ஒருவர் புத்தகம் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது சிலி தேசத்துக் கடற்கரைப் பாலைவனக் கள்ளி என்று தெரிந்தது. அங்கே மழையே இல்லையாம். கடலிலிருந்து வருகிற பனிமூட்டத்தைக் குடித்து உயிர் வாழுமாம். உப்புக்காற்று அதற்குப் பழக்கம். இந்த ஊருக்கென்றே பிறந்தது என்று நினைத்துக்கொண்டேன். நீ பத்தாம் வகுப்பு முடிக்கிறபோது அது எலுமிச்சம்பழ அளவு. நீ வேலைக்குப் போனபோது சாத்துக்குடி அளவு. உடம்பு முழுவதும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை, அதில் கறுப்பு முட்கள். அது சிறிதாக இருந்தபோதே அப்பா அதற்குத் துரை என்று பெயர் வைத்துவிட்டார். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல், வெயிலில் தனியாக உட்கார்ந்திருக்கிறது என்பார். வேலை முடிந்து மாடிக்கு வந்தால் முதலில் அதற்குத்தான் ஒரு சலாம்.

மீன்கார கன்னியம்மாவுக்கும் துரையைத் தெரியும். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியவள் அவள். வாரத்துக்கு ஒருமுறை செவுளும் குடலும் கொண்டுவந்து தருவாள். வெல்லம் சேர்த்து மூடிவைத்தால் மாடியில் நான் வளர்க்கிற ஆர்க்கிட் பூச்செடிகளுக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. வந்தால் மூச்சு வாங்க ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். "இன்னாம்மா, இம்மாம் வெயில்ல தொர கோட்டக் கயட்டவே மாட்டாரா?" என்று கேட்பாள். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி. ஒவ்வொரு வாரமும் அவளே சிரித்துக்கொள்வாள்.

இந்த ஊரில் செடி வளர்ப்பது எப்படி என்று உனக்கு நான் மறுபடி சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு அவமானம். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால் சாம்பல் வரும். துவைத்த துணியில், தண்ணீர்க் குடத்தில், சாப்பாட்டுத் தட்டில் அது இருக்கும். இலையில் படிந்தால் இலை மூச்சு விடாது. ஆகவே தினமும் காலையில் ஆர்க்கிட் இலைகளைத் துடைக்க வேண்டும். அந்த வேலையை உனக்குத்தான் கொடுத்திருந்தேன். அப்பாவின் பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, இடது கையால் இலைக்கு அடியில் தாங்கி, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. வலைத்துண்டில் கட்டித் தொங்கவிட்ட வாண்டா ஆர்க்கிட்டின் வேர்களில் கை படக் கூடாது. நீ நன்றாகச் செய்வாய். இந்த விஷயத்தில் உன்னைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். என்னைவிட நன்றாகச் செய்வாய். துரை பக்கம் போகாதே என்று சொல்லியிருந்தேன். போனதில்லை. ஏன் போகக் கூடாது என்று நான் விளக்கவில்லை. தொடாதே என்றால் தொடாமல் இருக்க வேண்டும். அதற்குக் காரணமும் சேர்த்துக் கொடுத்துப் பிள்ளை வளர்க்கிற வழக்கம் எங்கள் காலத்தில் இல்லை. அதற்காக இப்போது உன்னிடம் வருத்தம் தெரிவிப்பேன் என்று எதிர்பார்க்காதே.

போன வருஷம் உன் சித்தப்பா இறந்து நான் தஞ்சாவூர் போயிருந்தேன். காரியம் முடியும்வரை தங்கினேன். அந்தச் சமயத்தில் நீ வேளச்சேரியிலிருந்து வந்து வீட்டைச் சுத்தம் செய்திருக்கிறாய். பெண் வீட்டார் முதல்முறையாக வரப்போகிறார்கள், ஆகவே சுத்தம் செய்வது சரிதான், நானே செய்திருப்பேன். நீ செய்தது என்ன? பல மாதம் ஊறிக்கொண்டிருந்த மீன் உரத்தைச் சாக்கடையில் கொட்டி, பீப்பாயைக் காயலான் கடைக்குப் போட்டாய். கன்னியம்மா வழக்கம்போல் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, விருந்தாளிகள் வந்து போகும்வரை இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றாய். அவள் அதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நைனா என்ன வராதன்னுச்சும்மா. மீன் நாத்தமாம். என்னிய நிறுத்திட்ட, கடல இன்னா பண்ணுவ நைனான்னு கேட்டுட்டு வந்துட்டேன்." உன்னை இடுப்பில் சுமந்தவளை வாசலில் நிறுத்தினாய். அவள் சிரித்ததால் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

நான் ஊரிலிருந்து வந்து இறங்கியது பெண் வீட்டார் வருகிற அன்று காலை. பெட்டியைக்கூட வைக்காமல் மாடிக்குப் போனேன். நீ பின்னாலேயே ஏறி வந்தாய், புதுச்சட்டை போட்டுக்கொண்டு. துரை பச்சையாக இருந்தது. பாசி பிடித்த கல் மாதிரி ஒரு பச்சை. நான் அது வேறு செடி என்று நினைத்து அதன் தொட்டியைத் தேடினேன். நீ சொன்ன வார்த்தைகள் இவை, ஒன்றும் கூட்டவில்லை: "எப்படிம்மா? சோப்புத்தூள் போட்டு பல் பிரஷ்ஷால தேச்சேன். எவ்ளோ சாம்பல் தெரியுமா? பக்கெட் தண்ணியே வெள்ளையாயிடுச்சு."

அது சாம்பல் இல்லை. அது அதன் தோல். வெயிலுக்கும் உப்புக்கும் எதிராக அந்தச் செடி தன் உடம்பிலிருந்து தானே சுரந்து பூசிக்கொண்ட மெழுகு. போன இடத்தில் திரும்ப வராது. அப்பா இருந்த காலம் முழுவதும் அது பூசிக்கொண்டதை நீ ஒரு பகலில் பக்கெட்டில் கரைத்தாய். திருவொற்றியூரில் பிறந்தவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய தவறு இது என்பதும் எனக்குத் தெரியும். வேறு ஊர்க்காரன் வெள்ளையைப் பார்த்தால் பூஞ்சை என்பான், சுண்ணாம்பு என்பான். சாம்பல் என்று நீதான் நினைப்பாய். ஆனால் இத்தனை வருஷம் அந்தச் செடியைப் பார்த்து வளர்ந்தவன், அதற்கு அப்பா ஏன் வெள்ளைக் கோட்டு என்று சொன்னார் என்பதை எப்படி மறந்தாய்? சொல்கிறேன். நீ அந்தச் செடியைப் பார்க்கவில்லை. பெண் வீட்டார் எதைப் பார்ப்பார்கள் என்று மட்டும் பார்த்தாய். அவர்கள் கண்ணால் பார்த்தால் இந்த வீட்டில் எல்லாமே சாம்பல்தான்.

அப்போது நான் உன்னைத் திட்டவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் விருந்தாளிகள் வருகிறார்கள். குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு, காப்பி கலந்து, கையால் எடுத்துக் கொடுத்தேன். உன் மாமனார் ஆகப்போகிறவர் நல்ல மனிதர்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் இது என்ன விலை போகும் என்று கேட்கிற பழக்கம் இருக்கிறது. மாடியைப் பார்த்ததும் கேட்டார். நான் செடியைக் காசுக்கு வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. பிரித்துக் கொடுப்போம், பதிலுக்கு ஒன்று வாங்கிக்கொள்வோம், இந்த ஊரில் செடி வளர்க்கிற எல்லாருக்கும் அதுதான் வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "அது ஒண்ணுமில்ல அங்கிள், அம்மாவுக்கு டைம்பாஸ். கல்யாணத்துக்கப்புறம் எங்ககூட வந்துடுவாங்க. இந்த வீட்ட ஜாயின்ட் வென்ச்சர் குடுக்கறதா இருக்கோம்." என் வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்பதை, கையில் காப்பித் தட்டோடு நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்ந்து நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தட்டு ஆடவில்லை. சிஸ்டர்கள் அந்த அளவுக்கு என்னைப் பழக்கியிருக்கிறார்கள்.

டைம்பாஸ். கடலை விற்கிறவன் ரயிலில் கூவுகிற வார்த்தை. குழாயில் காற்று மட்டும் வந்த அந்தக் கோடையில், லாரிக்கு வரிசையில் நின்று வாங்கிய தண்ணீரில் நான் ஒரு வேளைக் குளியலை விட்டுவிட்டு ஆர்க்கிட்டுக்கு ஊற்றியிருக்கிறேன். இந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதில் சோப்பு நுரைக்காது, அதை ஊற்றினால் ஆர்க்கிட் வேர் கருகும். மழைக்காலத்தில் அண்டாவும் டிரம்மும் நிரப்பிவைத்து வருஷம் முழுவதும் அளந்து ஊற்ற வேண்டும். உன் அப்பா போன பிறகு நான் காலையில் எழுந்திருப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ படிக்கத்தான் போனாய். எழுப்பியது செடிகள். காற்று திரும்பியிருக்கிறதா என்று பார்க்க எழுந்தேன். அதை நீ டைம்பாஸ் கடலை ஆக்கினாய்.

நீ மாறிப்போனது எனக்குத் தெரியாமல் இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் பாரிஸ் கார்னர் பக்கம் என்கிறாய். கன்னியம்மாவின் பிள்ளைகளோடு தெருவில் விளையாடும்போது பேசிய பேச்சு உன் வாயிலிருந்து துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டது. வீட்டுக்குள் அந்தப் பேச்சுப் பேசினால் ஸ்கேல் எடுத்தவள் நான்தான் என்று நீ சொல்லலாம். சொல். நல்ல தமிழும் நல்ல ஆங்கிலமும் உனக்கு வேண்டும் என்று நினைத்தேன். இந்த ஊரைப் பற்றிக் கூச்சப்பட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. நான் இங்கே வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள். ஆனாலும் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வெயிலில் துரையின் மேற்குப் பக்கம் வெந்துவிட்டது. பழுப்பாகி, தக்கை மாதிரிக் காய்ந்தது. கன்னியம்மா பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரிக்காமல் நின்றாள். "தொர கோட்டக் கயட்டிட்டாரா," என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு இறங்கிப்போய்த் தன் கூடையை மூடுகிற ஈரச்சாக்கைக் கொண்டுவந்து, இத்த மேல கட்டும்மா, நெயலு வரும் என்றாள். கட்டினேன். மாடி முழுவதும் வாளை மீன் வாசனை. நீ இருந்திருந்தால் கழுவியிருப்பாய்.

சென்ற மாதம் உன் மனைவியாகப் போகிறவள் தனியாக வந்தாள். ரவிக்கை அளவுக்கென்று சொன்னாள். பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ ஏறி, வழி கேட்டுக் கேட்டு வந்தாள். அவளுக்கு வழி தெரிந்துவிட்டது, பார். மாடியைப் பார்க்கலாமா ஆன்ட்டி என்று கேட்டு, செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டாள். எதையும் தொடவில்லை. துரையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "இதுக்கு மட்டும் ஏன் ஆன்ட்டி உச்சில வெள்ளையா, கீழ பச்சையா இருக்கு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைக் காப்பாற்ற நான் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. அவள் துரையின் பச்சைப் பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "அப்ப அதுதானா? பத்து விரல்லயும் பிளாஸ்டர் போட்டிருந்தாரு. கேட்டதுக்கு, ஆபீஸ்ல கண்ணாடி உடைஞ்சுதுன்னாரு" என்றாள்.

அது எனக்குத் தெரியாது. அன்று நான் செடியைத்தான் பார்த்தேன், உன் கையைப் பார்க்கவில்லை. நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. திமிர் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை முள் குத்தியும் நீ நிறுத்தவில்லை. முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே பிரஷ்ஷை விட்டு, ஒரு மடிப்பு விடாமல் தேய்த்திருக்கிறாய். வேலைக்காரியை விட்டுச் செய்யச் சொல்லியிருந்தால் அவள் நாலு இழுப்பில் விட்டிருப்பாள், பாதிக் கோட்டாவது மிஞ்சியிருக்கும். எடுத்த வேலையை மிச்சம் வைக்காத அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் என் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. செடியைத் தேய்த்ததற்கு மட்டும் கோபம் என்றால் அது ஒரு வெயிலில் தீர்ந்திருக்கும். அந்தப் பெண்ணிடம் கண்ணாடி உடைந்தது என்று சொன்னாயே, அது தீராது. அம்மாவின் கள்ளிச்செடியைக் கழுவினேன் என்று சொல்ல உன்னை எது தடுத்தது? கல்யாணத்துக்கு முன்பே ஒரு வீட்டை மறைத்தாய், ஒரு ஊரை மறைத்தாய், பத்து விரலை மறைத்தாய். இப்படியே போனால் அவள் யாரோடு குடித்தனம் நடத்துவாள்? அவளிடம் உண்மையைச் சொல். சாம்பல், உப்புத் தண்ணீர், மீன் கூடை, எல்லாவற்றையும் சொல். அவள் தாங்குவாள். ஷேர் ஆட்டோவில் வந்தவள்.

இனி ஏற்பாடுகள். கல்யாணத்துக்கு வருவேன். சாம்பல் நிறப் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன். முன்வரிசையில் உட்காருவேன், வீடியோக்காரன் சிரிக்கச் சொன்னால் சிரிக்க மாட்டேன், அவனிடம் முன்கூட்டியே சொல்லிவை. கன்னியம்மா என் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். பந்தியிலும் என் பக்கத்து இலை அவளுக்கு. இதில் உன் அபிப்பிராயத்தை நான் கேட்கவில்லை. பில்டரின் ஆளிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடு. வந்தால் வாசலில் நிறுத்துவேன், அதை எப்படிச் செய்வதென்று உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நான் இருக்கிறவரை இந்த வீடு இப்படியே இருக்கும். நான் போன பிறகு செடிகள் யாருக்கு என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. உனக்கு என்று எழுதவில்லை. உனக்கு இல்லை என்றும் எழுதவில்லை.

துரை சாகவில்லை. உச்சியில் புதிதாக வளர்கிற இடம் வெள்ளையாகவே வருகிறது. நீ தேய்த்த இடம் அப்படியே இருக்கும். செடி மெல்ல மெல்ல வளர, அது கீழே இறங்கிக்கொண்டே போகும். மண்ணைத் தொட எத்தனை காலம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கப் போவதில்லை.

தாலி கட்டி முடிந்த பிறகு அவளை அழைத்துக்கொண்டு இங்கே வர வேண்டியது முறை. காலையில் வா. காற்று எண்ணூர்ப் பக்கமிருந்துதான் அடித்துக்கொண்டிருக்கிறது. என் தோள் முன்போல் மேலே தூக்க வரவில்லை, தொங்குகிற வாண்டாக்கள் எட்டவில்லை, இலைகள் எல்லாம் சாம்பலாகக் கிடக்கின்றன. பனியன் துணி பழைய இடத்தில், டிரம் மூடியின் மேல் இருக்கிறது. மழைத்தண்ணீரில் நனை. ஒட்டப் பிழி. இலைக்கு அடியில் கையைக் கொடு.

வெள்ளையைத் தொடாதே.

அம்மா